குப்புறக் கிடந்த 16 மணித்தியாலம்

அரசாங்க வைத்தியசாலைகளில் 31 வருடங்கள் தாதியாகக் கடமை புரிந்து 2023இல் ஓய்வு பெற்றேன். அவற்றில் 19 வருடங்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. கல்யாண வீடானாலும் செத்த வீடானாலும் ஊர்ப் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஐசீயூவில எல்லாத்தையும் மெஷின்தானே பாக்கும், நீங்க என்ன செய்யிற?"

"நாங்க ஆக்களத் திருப்புவம்" என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

ஆனால் அது பகிடியல்ல. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒருவரை எந்தப் பக்கமாக, எவ்வளவு நேரம், தலையை எவ்வளவு உயர்த்திக் கிடத்துவது என்பது அங்கே மருந்து கொடுப்பதற்குச் சமமான காரியம். சிலருக்கு மருந்தைவிடவும் பெரிய காரியம். இதை எமது சகோதரிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐசீயூ வாசலில் போத்தலில் சுடுதண்ணீரும் கையில் துண்டுச்சீட்டுமாகக் காத்திருப்பவர்கள் அநேகமாகப் பெண்கள்தான். உள்ளே தமது பிள்ளையோ கணவரோ முகம் கீழே இருக்கக் கிடப்பதைக் கண்டதும் அவர்கள் பதறிப்போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நின்று விளக்கம் சொல்ல எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. ஆறுதலாக இங்கே சொல்கிறேன்.

எமது நுரையீரலில் ஏறக்குறைய 30 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் மிக மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். ஒட்சிசன் உள்ளே போவதும் காபனீரொட்சைட்டு வெளியே வருவதும் அந்தச் சுவரினூடாகத்தான். கடுமையான நியூமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமி, பெரிய விபத்து, வயிற்றில் இருந்தது சுவாசக் குழாய்க்குள் போய்விடுதல், எங்கள் பக்கத்து வயல்காரர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல், பின்னர் வந்த கொவிட் என்று எது காரணமாக இருந்தாலும், சிலருக்கு அந்தச் சுவர் புண்பட்டு நீர் கசியத் தொடங்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிறைந்துவிடும். 1967இல் அமெரிக்க வைத்தியர்கள் 12 நோயாளரை வைத்து இதை முதன்முதலாக விபரித்தார்கள். நான் படித்த காலத்தில் 'தீவிர நுரையீரல் காயம்' என்ற பெயர் பெரிதும் வழக்கில் இருந்தது. 2012இல் வரைவிலக்கணத்தைத் திருத்தி, கடுமையைப் பொறுத்து மூன்று படிகளாக வகுத்தார்கள். பெயர் எதுவானாலும் நோய் ஒன்றுதான்.

இனி, இப்படிப் புண்பட்ட நுரையீரலோடு ஒருவர் மல்லாந்து கிடக்கிறார் என்று வையுங்கள். தோய்த்த உடுப்புகளைப் பிழியாமல் வாளிக்குள் அடுக்கினால் மேலே உள்ளவற்றின் பாரம் கீழே உள்ளவற்றை நசுக்கும் அல்லவா? நீர் கோத்த நுரையீரலும் தன் பாரத்தால் தன்னையே நசுக்குகிறது. மல்லாந்தவருக்குக் கீழ் என்பது முதுகுப் பக்கம். இதயத்தின் பாரமும் அதன் மேலேயே இருக்கிறது. போதாததற்கு வயிறு வேறு மேல்நோக்கித் தள்ளுகிறது. நுரையீரலில் பெரும்பங்கு இருப்பது முதுகுப் பக்கத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெரும்பங்கு நசிந்து மூடிக்கொள்கிறது. இரத்தமோ வழமைபோல அங்கேதான் அதிகம் ஓடுகிறது. போன இரத்தம் காற்றைக் காணாமல் கறுத்தபடியே திரும்பி வருகிறது.

அப்படியானால் இயந்திரத்தால் இன்னும் பலமாகக் காற்றை அடித்தால் என்ன என்று தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். மூடியிருக்கும் அறைகள் திறக்காது. நல்ல நிலையில் இருக்கும் முன்பக்கத்து அறைகள்தான் அளவுக்கு மீறி ஊதிப் பழுதாகும். 2000இல் அமெரிக்காவில் 861 நோயாளரிடம் செய்த ஆய்வில், பெரிய மூச்சாக அடித்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேரும், சிறு மூச்சாகக் கொடுத்தபோது 31 பேரும் இறந்தார்கள். அன்று முதல் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தி வைப்பதே முறையாயிற்று.

மூடிய அறைகளைத் திறக்க இன்னொரு வழி நோயாளரைக் குப்புறக் கிடத்துவது. முதுகு மேலே வந்ததும் அதன் மேலிருந்த பாரம் விலகுகிறது. இதயம் முன் நெஞ்செலும்பின் மேல் சாய்ந்துகொள்கிறது. மூடியிருந்த அறைகள் மெல்ல விரிகின்றன. இரத்தம் இப்போதும் முதுகுப் பக்கமே அதிகம் போவதால், காற்றும் இரத்தமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சளியும் வாய்ப்பக்கமாக இறங்கும். இவ்வளவுதான் விஷயம்.

இதைக் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிறது. 1976இல் அமெரிக்காவில் பீல், பிரவுண் என்ற இருவர் ஐந்து நோயாளரைக் குப்புறத் திருப்பியபோது ஒட்சிசன் உயர்ந்ததை எழுதி வைத்தார்கள். ஆனால் ஒட்சிசன் உயர்வது வேறு, ஆள் பிழைப்பது வேறு. 2001இல் இத்தாலியில் 304 பேரைக் கொண்டு ஆய்வு செய்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் குப்புறக் கிடத்தினார்கள். ஒட்சிசன் கூடியது, இறப்புக் குறையவில்லை. "இவ்வளவு பாடுபட்டுத் திருப்பி என்ன கண்டோம்?" என்று பலர் கைவிட்டார்கள். எங்கள் பிரிவிலும் அது எல்லாம் கைவிட்டுப்போன பிறகு செய்து பார்க்கும் கடைசி முயற்சியாகத்தான் இருந்தது.

2013இல் பிரான்ஸிலிருந்து வந்த முடிவு அதை மாற்றியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட 466 பேர். ஒரு சாராரை மல்லாக்காகவே வைத்தார்கள். மற்றவர்களை ஒரே தடவையில் குறைந்தது 16 மணித்தியாலம் குப்புறக் கிடத்தினார்கள். 28 நாட்களில், மல்லாக்காக இருந்தவர்களில் நூற்றுக்கு 32.8 பேரும் குப்புறக் கிடந்தவர்களில் 16 பேரும் இறந்திருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதி. இப்படிப் பலன் தரும் ஒரு குளிசை இருந்திருந்தால் அதன் விலையை நம்மால் எட்டிப் பார்க்கவும் முடிந்திராது. இது தலையணையாலும் கைகளாலும் செய்யும் காரியம். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அதில் பங்குகொண்ட பிரிவுகள் எல்லாம் இப்படித் திருப்புவதில் ஐந்து வருடங்களுக்கு மேல் பழகியவை. கை பழகாமல் இது சரிவராது என்பதை ஆய்வு செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள்.

எங்கள் கை உண்மையில் பழகியது 2021இல். ஓகஸ்ட் 20ஆம் திகதி முதல் ஒக்டோபர் 1ஆம் திகதி வரை நாடு முழுவதும் ஊரடங்கு இருந்ததே, அந்த நாட்களில். அதற்கு முன் வருடத்தில் ஓரிருவரைத் திருப்பிய நாங்கள், அப்போது ஒரே நாளில் நான்கு பேரைத் திருப்பினோம்.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 27. கரையோரக் கிராமம், கணவர் மீன்பிடித் தொழிலாளி. இரண்டாவது பிள்ளையைச் சுகமாகப் பெற்று ஒன்பதாம் நாள் மூச்சுத்திணறலோடு வந்தார். வந்த அன்றிரவே குழாய் போட்டு இயந்திரத்தில் இணைக்க வேண்டியதாயிற்று. நாங்கள் இரத்தத்தில் உள்ள ஒட்சிசனையும் கொடுக்கும் ஒட்சிசனையும் வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். சுகதேகிக்கு அது 400க்கு மேல் இருக்கும். 150க்குக் கீழே இறங்கினால் திருப்ப வேண்டும். அவருக்கு மறுநாள் பகல் 98.

"நாலு மணிக்குத் திருப்புவோம்" என்றார் மயக்கமருந்து வைத்திய நிபுணர்.

திருப்புவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே வேலை தொடங்கிவிடும். மூக்குக் குழாயால் கொடுக்கும் உணவை நிறுத்தி, வயிற்றில் மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கண்களுக்குக் களிம்பு பூசி மூடி ஒட்ட வேண்டும். இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. உயிர் தப்பி எழும்புகிறவருக்குப் பார்வை கெட்டிருந்தால் என்ன பிரயோசனம்? நாக்குப் பற்களுக்கிடையில் அகப்படாமல் உள்ளே இருக்கிறதா, சுவாசக் குழாய் உதட்டருகில் எத்தனையாவது சென்ரிமீற்றரில் நிற்கிறது என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டும். அவருக்கு 21.

இவற்றோடு அன்று இன்னொரு வேலையும் இருந்தது. அந்தத் தாயின் மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாக இருந்தன. எந்தக் கைநூலிலும் அதைப்பற்றி நான் படித்ததில்லை. அப்படியே நெஞ்சின் மேல் 16 மணித்தியாலம் கிடத்தினால் என்னவாகும் என்று பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும். மயக்கத்தில் இருப்பவரால் நோகிறது என்று சொல்லவும் முடியாது. நானும் பிரசவ விடுதியில் வேலை செய்து பழகிய ஒரு தங்கச்சியும் இரு பக்கமும் நின்று, இளஞ்சூட்டுத் துணி வைத்து, கையாலேயே பாலை எடுத்தோம். இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு. கொடுத்துக்கொண்டிருந்த மருந்துகளின் காரணமாக அந்தப் பாலைக் குழந்தைக்கு அனுப்ப வைத்தியர்கள் அன்று உடன்படவில்லை. ஊற்றிவிட்டோம். ஒரு கோப்பைக்கு மேல் இருந்தது. அந்தத் தங்கச்சி கண்ணாடிக்குள் அழுததை நான் காணாத மாதிரி இருந்தேன்.

தலைமயிரை இரட்டைப் பின்னலாக உச்சியில் தூக்கிக் கட்டினோம், முகத்துக்கு அடியில் போகாமல். பிறகு ஆறு பேர் சேர்ந்தோம். தலைமாட்டில் வைத்திய நிபுணர். குழாய் அவர் கைப்பொறுப்பு, அவர் சொல்லாமல் யாரும் அசையக்கூடாது. இரு பக்கமும் இருவர் இருவராக நால்வர். கால்மாட்டில் ஒருவர் சலப்பையையும் வயர்களையும் பார்த்துக்கொள்ள. நோயாளரின் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் மேலே தலையணைகளை வைத்து, மேலே ஒரு பெட்சீற்றைப் போட்டு, கீழேயுள்ள பெட்சீற்றோடு சேர்த்து ஓரங்களை இறுக்கிச் சுருட்டுவோம். எங்கள் பிள்ளைகள் இதற்கு வைத்த பெயர் 'சோற்றுப் பார்சல்'. சுருட்டியதைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்து, பக்கவாட்டில் நிமிர்த்தி, பிறகு குப்புறப் புரட்ட வேண்டும். மூன்று அசைவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று இரண்டு மூன்று எண்ண வேண்டும்.

எங்கள் அணியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தோம். ஆரம்பத்தில் ஒருவர் தமிழில் எண்ண, மற்றவர் 'மூன்று' என்றதும் இழுப்பதா, சொல்லி முடித்த பின் இழுப்பதா என்று தடுமாறுவார். கடைசியில் நிபுணருக்கு இலகுவானபடி சிங்களத்தில் எண்ணுவது என்று தீர்மானித்தோம். "எக்கய், தெக்கய், துனய்." துனய்யில் எல்லாக் கையும் ஒன்றாக அசைய வேண்டும். அந்தச் சொல் இன்றும் நித்திரையில் எனக்குக் கேட்கும்.

புரட்டிய பிறகுதான் தாதியின் வேலை உண்மையில் ஆரம்பிக்கிறது. வயிறு மெத்தையில் அழுந்தாமல் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பியதன் பயன் குறைந்துவிடும். ஒரு கையை மேலே, நீந்துபவர் போல மடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைப்போம். மற்றக் கை உடலோடு கீழே. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முகத்தையும் கைகளையும் பக்கம் மாற்ற வேண்டும். தோளை அளவுக்கு மீறி உயர்த்தினால் கை நரம்பு இழுபட்டுப் பிறகு கை தூக்க முடியாமற் போகும். நெற்றி, கன்னம், நாடி, மார்பு, இடுப்பெலும்பு, முழங்கால், கால்விரல் என்று எல்லா இடத்திலும் புண் வரலாம். மல்லாந்து கிடப்பவருக்குப் புண் வரும் இடங்களை எல்லாருக்கும் தெரியும், குப்புறக் கிடப்பவருக்கு வரும் இடங்களைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. முகமும் வீங்கும். அதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்போம்.

ஐந்து மணிக்கு மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். 98ஆக இருந்தது 164ஆகியிருந்தது. யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. நிபுணர் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆறு மணிக்குக் கணவர் எடுத்தார். பார்வையாளருக்கு அனுமதி இல்லாத காலம் என்பதால், பிரிவுக்கென்று வைத்திருந்த கைத்தொலைபேசியில் வீடியோ அழைப்பு. திரையில் அவருக்குத் தெரிந்தது மனைவியின் பின்தலையும் இரண்டு பின்னலும் ஒரு கையும்தான். சில விநாடி பேச்சில்லை. பிறகு, "மிஸி, எப்ப முடிஞ்ச?" என்றார்.

மனைவி இறந்துவிட்டார் என்று எண்ணிவிட்டார். "தம்பி, உயிரோட இருக்கிறா, பாருங்க" என்று மொனிற்றரைக் காட்டினேன். இதயத் துடிப்பின் கோடு ஓடுவதைக் காட்டினேன். அதற்குள் பெண்ணின் தாய் தொலைபேசியை வாங்கிவிட்டார். "ஏன் என்ட புள்ளயக் குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்க? பச்ச உடம்புக்காரி. மல்லாக்கப் படுக்க வையுங்க மிஸி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த அம்மாவில் எனக்குக் கோபம் வரவில்லை. பெண் பிள்ளை குப்புறப் படுத்தால் அதட்டி எழுப்பும் வீடுகளில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அதுவும் பிள்ளை பெற்றவளை எப்படிக் கிடத்துவது, எப்படி எழுப்புவது என்பதெல்லாம் எமது தாய்மாரின் இராச்சியம். அவரது அறிவை மறுத்து அந்த நேரத்தில் நுரையீரல் பாடம் நடத்த முடியாது. நான் கேட்டேன்: "அம்மா, மகள் சின்னப் புள்ளையில சளி கட்டினா நீங்க என்ன செய்வீங்க?"

"மடியில குப்புறப் போட்டு முதுகத் தடவுவன்."

"நாங்களும் அதத்தான் செய்யிறம். மடிக்குப் பதிலாத் தலையணி. விடியச் சாமம் எட்டு மணிக்குத் திரும்ப மல்லாக்க ஆக்குவம். உங்களுக்கு நான் கோல் எடுத்துக் காட்டுவன்."

உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த இரவைக் கடக்க அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பால் எடுத்ததைச் சொன்னபோது மட்டும் அவர் அழுதார். "தாய்க்காரி மாதிரிச் செஞ்சிருக்கீங்க" என்றார். மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, குப்புற இருக்கும்போது பக்கவாட்டாகக் கையை விட்டு, அதைத் தொடர்ந்தும் செய்தோம்.

காலையில் மல்லாக்காக்கியதும் எண் கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பின்னேரம் மறுபடியும் திருப்பினோம். இப்படி ஐந்து நாட்கள். பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் அதே ஐந்து நாட்களும் அதே கைகளால் திருப்பினோம். அவருக்கு ஒட்சிசன் உயரவேயில்லை, ஆறாம் நாள் காலமானார். அவரது மனைவி தொலைபேசியில் கேட்டது, கடைசியில் முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று. யன்னல் பக்கம் என்றேன். அது உண்மைதான்.

அந்தப் பெண்ணுக்குப் பதினோராம் நாள் குழாய் எடுத்தோம். குரல் அடைத்திருந்தது. நாடியில் ஐந்து சதக் குற்றி அளவில் ஒரு கறுத்த அடையாளம், அது குப்புறக் கிடந்ததால் வந்தது. நடக்கப் பழக்குவதற்கு இயன்மருத்துவருக்கு ஒன்றரைக் கிழமை பிடித்தது. வீட்டுக்குப் போன பின்னர் குடும்பநல உத்தியோகத்தரின் உதவியோடு பிள்ளையை மெல்ல மெல்லத் தாய்ப்பாலுக்குப் பழக்கினார்களாம். பால் வற்றிப்போயிருக்கவில்லை. இதைக் கணவர் தொலைபேசியில் சொன்னபோது, ஊற்றிய பாலுக்காக அழுத அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டுத் தொலைபேசியை அவள் கையில் கொடுத்தேன்.

குப்புறக் கிடத்துவது எல்லாருக்கும் உரிய சிகிச்சையல்ல. முதுகெலும்பு முறிந்தவர், தலைக்குள் அழுத்தம் கூடியவர், நெஞ்சிலோ வயிற்றிலோ திறந்த காயம் உள்ளவர் ஆகியோருக்குச் செய்ய முடியாது. நோய் இலேசாக இருந்தாலும் தேவையில்லை. அதைவிட, செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவானது தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது. 1999இல் ஸ்பெயினின் பார்சலோனாவில் 86 நோயாளரிடம் செய்த ஆய்வில், மட்டமாகக் கிடந்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கும், 45 பாகை உயர்த்தி வைக்கப்பட்டவர்களில் 8 பேருக்கும் புதிதாக நியூமோனியா வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறிச் சுவாசப்பைக்குள் இறங்குவது குறைவதே காரணம். ஆனால் 45 பாகை என்று புத்தகத்தில் எழுதுவது சுலபம். நோயாளர் வழுகி வழுகிக் கீழே போவார். 2006இல் நெதர்லாந்தில் அளந்து பார்த்தபோது, 45 என்று வைத்தவர்கள் சராசரியாக 28 பாகையில்தான் இருந்தார்கள். நாங்கள் 30க்குக் குறையாமல் பார்ப்போம். எங்கள் பிரிவில் ஒரு தம்பி பாண் பெட்டி அட்டையில் முக்கோணம் வெட்டி ஒவ்வொரு கட்டிலிலும் கட்டிவிட்டான், அளந்து பார்க்க. விலைக்கு வாங்கும் கருவியைவிட அது நன்றாகவே உதவியது.

ஒரு பக்க நுரையீரல் மட்டும் பழுதானால் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி சரித்து வைப்போம். இரத்தம் பாரத்தோடு கீழே இறங்குவதால் நல்ல பக்கத்துக்கு அதிகம் போகும். நோயுள்ள பக்கத்தில் இரத்தக்கசிவு இருந்தால் இதே விதி தலைகீழாகும். அந்தப் பக்கத்தைக் கீழே வைப்போம், நல்ல பக்கத்துக்குள் இரத்தம் போகாமல். நிறைமாதக் கர்ப்பிணியை மட்டமாக மல்லாத்துவதே கூடாது, இடப்பக்கம் சரிக்க வேண்டும், கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்திவிடும்.

இவற்றை வாசித்துவிட்டு வீட்டில் மூச்சு முட்டுகிறவரைக் குப்புறப் போட்டுப் பார்க்க யாரும் முயல வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சிறு பிள்ளை விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: கைக்குழந்தையை நித்திரைக்குக் கிடத்தும்போது எப்போதும் மல்லாத்தியே கிடத்த வேண்டும். குறைமாதக் குழந்தைகளை விசேட பிரிவில் குப்புற வைத்திருப்பதைக் கண்டவர்கள் வீட்டிலும் அப்படிச் செய்ய நினைக்கலாம். அங்கே ஒவ்வொரு மூச்சையும் மொனிற்றர் எண்ணிக்கொண்டிருக்கிறது. வீட்டில் குப்புறக் கிடத்துவது திடீர் மரணத்துக்கான ஆபத்தைக் கூட்டும். படுக்கையில் இருக்கும் முதியவருக்குக் குழாயால் உணவு கொடுப்பவர்கள் தலைப்பக்கத்தை உயர்த்திக் கொடுத்து, கொடுத்த பின்னரும் ஒரு மணித்தியாலமாவது அப்படியே வைத்திருங்கள். கட்டில் உயராதென்றால் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே கல் வைத்தாலும் போதும், ஆடாமல் இருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்த பிள்ளைகள் இப்போதும் எடுப்பார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக வெளிநாடு போனார்கள். எங்கள் பிரிவிலிருந்தும் போனார்கள், கை பழகியவர்கள் முதலில் போனார்கள். போனவர்களில் நான் குற்றம் காண மாட்டேன், சம்பளத்தில் மா வாங்கினால் பால்மா வாங்க முடியாத நாட்கள் அவை. ஆனால் மருந்து குறைந்தால் கடன்பட்டாவது வாங்கலாம். ஆறு பேர் செய்ய வேண்டியதை மூன்று பேர் செய்ய முடியாது. குழாய் கழன்றால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும்.

பால் எடுத்த தங்கச்சி அங்கேயே இருக்கிறாள், இப்போது பொறுப்புத் தாதி. சென்ற மாதம் ஒரு நாள் இரவு எடுத்தாள். எலிக்காய்ச்சல், 40 வயது, கணக்கு 110. கடமையில் இருப்பது நால்வர். "என்ன செஞ்ச?" என்றேன். பக்கத்துச் சத்திரசிகிச்சை விடுதியில் இருந்து ஒருவரைக் கடன் கேட்டாளாம். ஐந்து பேர். இன்னும் ஒருவர் வேண்டும். அந்த நேரம் பார்த்து இரத்த வங்கியில் இருந்து பெட்டியோடு ஒரு சிற்றூழியர் வந்திருக்கிறார். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, அவருக்குக் கையுறை போட்டுக் கால்மாட்டில் நிறுத்தி, சலப்பையைக் கையில் கொடுத்திருக்கிறாள். "அண்ணே, நான் துனய் என்டு சொன்னதும் அந்தப் பக்கம் கொண்டு போங்க, வேற ஒண்டும் செய்ய வேணாம்."

சரியாகச் செய்தாராம்.